சுசீந்திரத்தில் கோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள்

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரிக்குப் போகிற வெளியூர்க்காரர்களுக்குச் சுசீந்திரம் என்றால் நடுவழியில் ஒரு அரை மணி நேரம், அவ்வளவுதான். வண்டியை நிறுத்துவார்கள், வேகவேகமாக உள்ளே போய்த் தாணுமாலயனைக் கும்பிடுவார்கள், ஆஞ்சநேயர் முன்னால் அண்ணாந்து பார்ப்பார்கள், சூரியன் மறையுமுன் கடற்கரைக்குப் போய்விட வேண்டும் என்று மறுபடி வண்டியில் ஏறிவிடுவார்கள். உள்ளூர்க்காரர்களான நாங்களும் ஒன்றும் பெரிதாக வித்தியாசமில்லை. கல்யாணம், நேர்த்திக்கடன், மார்கழித் தேர் என்று ஏதாவது காரணம் இருந்தால்தான் போவோம், போன காரியம் முடிந்ததும் பஸ் ஸ்டாப்.

ஆனால் இந்த மாவட்டத்தில் முட்டிவலிக்காரர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நிதானமாக நடக்க ஒரு இடம் சொல்லுங்கள் என்றால் நான் சுசீந்திரத்தைத்தான் சொல்வேன். ஏற்றம் கிடையாது, படி ஏறவேண்டிய மலை கிடையாது. ஆறு, தெப்பக்குளம், ரத வீதிகள், கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள் இருக்கின்றன. அவசரமில்லாமல் நடந்தால் இரண்டு மணி நேரம், கோயிலுக்குள் தூண் தூணாக நின்று பார்க்கிறவர்கள் கூட வந்தால் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் இருந்து சித்தப்பாவும் சித்தியும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தபோது அம்மாவையும் சேர்த்து ஒரு காலை நேரம் கிளம்பினோம். அம்மாவுக்கு முட்டி, சித்திக்குச் சர்க்கரை, பேத்திக்கு ஆறு வயது, சித்தப்பாவுக்குப் பொறுமை கிடையாது. இந்த நாலு பேரையும் வைத்துக்கொண்டு ஒரு நடை ஒழுங்காக முடிந்தது என்றால் யாரை வைத்துக்கொண்டும் முடியும்.

முதலில் வரிசை. கோயிலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது. கேட்பவர்கள் "சாமி கும்பிடாமல் ஊர் சுற்றவா?" என்பார்கள். காரணம் ரொம்பச் சாதாரணம். சாமி கும்பிட்டு முடித்த நிமிஷத்தில் வீட்டில் எல்லாருக்கும் "சரி, போவோம்" என்ற எண்ணம் வந்துவிடும், அதற்கப்புறம் ஆற்றையும் குளத்தையும் காட்டுகிறேன் என்று கூப்பிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். இன்னொன்று, பிரகாரம் முழுவதும் கருங்கல் தரை. வெறுங்காலோடு அதில் ஒரு சுற்று வந்தாலே குதிகால் சொல்லிவிடும். செருப்புப் போட்டு நடக்கக்கூடிய பகுதியை முதலில் முடித்துவிட்டு, வெறுங்கால் நடையைக் கடைசியில் வைத்தால் தாங்கும். ஆனால் ரொம்பத் தள்ளிப்போடவும் கூடாது. ஒன்பது, ஒன்பதரைக்குமேல் வெயில் படுகிற கல்லில் கால் வைக்க முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வெறும் அசௌகரியம் இல்லை, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு பட்டதே தெரியாது, வீட்டுக்கு வந்து பார்க்கும்போது கொப்புளம் இருக்கும். அதனால் காலை ஆறு, ஆறரைக்கு ஆற்றுப்பக்கம் தொடங்கி எட்டு மணிவாக்கில் கோயிலுக்குள் நுழைகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகிற பஸ்ஸில் ஏறுமுன் சுசீந்திரம் வழியாகத்தானே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் நல்லது. பழையாறு இங்கே ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. பாலத்தில் பஸ்ஸும் லாரியும் இரண்டு பக்கமும் வரும், பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், செல்ஃபி எடுக்க நடு ரோட்டுக்கு நகரக் கூடாது. ஓரமாக நின்று பார்த்தால் தென்னைகளுக்கு மேலே கோபுரம் தெரியும்.

இந்த ஆறு பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும், நகரத்துக் கழிவும் அதில்தான் சேர்கிறது, சில நாள் மூக்கைப் பொத்த வேண்டிவரும். ஆனால் நாஞ்சில் நாட்டு நெல்லின் கதை முழுக்க இந்தத் தண்ணீரில் இருக்கிறது. மலைப்பக்கம் பறளியாற்றில் வருகிற தண்ணீரைப் பாண்டியன் கால் என்கிற வாய்க்கால் வழியாகத் திருப்பிப் பழையாற்றோடு சேர்த்தது பழைய ஏற்பாடு. 1906-ல் பேச்சிப்பாறை அணை வந்தபிறகு அந்தத் தண்ணீரும் இதோடு சேர்ந்தது. வழிநெடுகச் சோழன்திட்டை, சபரி, குமரி, மிஷன் என்று அணைக்கட்டுகள், ஒவ்வொன்றில் இருந்தும் கால்வாய், கால்வாயில் இருந்து குளம், குளத்தில் இருந்து வயல். கடைசியில் மிச்சம் இருக்கிறது மணக்குடியில் காயலாகிக் கடலில் சேரும். ஜூனில் அணை திறந்து கன்னிப்பூ என்கிற முதல் போக நடவு முடிந்த சமயம் வந்தால் பாலத்தில் நிற்கும்போதே பச்சை தெரியும். இரண்டாம் போகமான கும்பப்பூ அறுவடைக்குமுன் வந்தால் அதே இடம் மஞ்சள். வயல் இருந்த இடத்தில் வீட்டு மனைக் கொடி நடுவதும் கூடவே தெரியும், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சித்தப்பா நாகர்கோவிலில் படித்தவர். பாலத்துக்கு வந்ததும் அவர் அவசரமெல்லாம் எங்கோ போய்விட்டது. "மக்கா, இந்தத் தண்ணியில நாங்க குதிச்சுக் குளிச்சிருக்கோம் டே, இப்பம் இதப் பாத்தா கால் கழுவக்கூட மனசு வராது போலிருக்கே" என்றார். "அதெல்லாம் பழைய கதை சித்தப்பா, வாங்க, வெயில் வருமுன்ன குளத்துக்குப் போவோம்" என்று கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஆற்றுப்பக்கத்தில் இருந்து ஊருக்குள் திரும்பினால் தென்னையும் வாழையும்தான் தோட்டம். டிக்கெட் வாங்கிப் போகிற பூங்கா எதுவும் இல்லை, அதை எதிர்பார்த்து வராதீர்கள். வீட்டு மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கிற செம்பருத்தி, முற்றத்தில் துளசி, கொல்லையில் மா, பலா. பழைய வீடுகளில் சில இன்னும் ஓட்டுக்கூரையோடு இருக்கின்றன. சரிவான கூரை, முன்னால் தாழ்ந்து வருகிற இறவாணம், உள்ளே நுழைய உயரமானவர்கள் தலை குனிய வேண்டிய வாசல். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரிலும் திருக்கொச்சியிலும் இருந்தவர்கள் என்பதற்கு இந்தக் கூரைகளைவிட வேறு சாட்சி வேண்டாம். ஒன்று மட்டும், அவை ஆட்கள் வாழ்கிற வீடுகள். கேமராவை ஜன்னலுக்கு நேராகத் தூக்காதீர்கள். திண்ணையில் யாராவது இருந்தால் "படம் எடுத்துக்கட்டுமா" என்று கேட்டால் போதும், பெரும்பாலும் சரி என்பார்கள், கூடவே எந்த ஊர், யார் மகன், யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்ற விசாரணையும் நடக்கும். அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரத வீதிகள். இந்த வீதிகளில் நான் மெதுவாகத்தான் நடப்பேன், கூட வருகிறவர்களுக்கும் காரணத்தைச் சொல்வேன். கோயிலைச் சுற்றியுள்ள இந்தத் தெருக்களில் எல்லாரும் நடக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. உள்ளே போய்ச் சாமி கும்பிடுவது இருக்கட்டும், வெளியே தெருவில் கால் வைக்கவே ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தடை. வைக்கத்தில் போராட்டம் நடந்ததற்கு அடுத்து 1926-ல் இங்கே சுசீந்திரம் சத்தியாகிரகம் தொடங்கியது. நாகர்கோவில் டாக்டர் எம்.இ. நாயுடு முன்னால் நின்றார். ஒரே மூச்சில் ஜெயித்த போராட்டம் இல்லை இது. நின்று, மறுபடி 1930-ல் எழுந்து, கடைசியில் 1936 நவம்பர் 12-ம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேச அறிவிப்பை வெளியிட்டபிறகுதான் திருவிதாங்கூர்க் கோயில் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. வைக்கம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். நம் வீட்டுப் பக்கத்தில் நடந்த இது நம் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. சித்தப்பாவின் பேத்தி "ரோட்ல நடக்கிறதுக்கா சண்டை?" என்று கேட்டாள். ஆமாம் பிள்ளே, ரோட்டில் நடக்கிறதுக்குத்தான் என்று சொன்னோம். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, என் அம்மாவிடம் போய் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

தெப்பக்குளம் கோயிலை ஒட்டியே இருக்கிறது. நடுவில் கல் மண்டபம், சுற்றிலும் படிக்கட்டு. காற்று இல்லாத காலையில் கோபுரம் முழுசாகத் தண்ணீரில் விழும், படம் எடுக்கிறவர்களுக்கு இந்த நடையிலேயே நல்ல இடம் இதுதான். கோபுரம் கிழக்கு பார்த்தது, அதனால் காலை வெயிலில்தான் முகப்பில் உள்ள சுதைச் சிற்பங்கள் வெளிச்சமாகத் தெரியும். மாலையில் வந்தால் வெளிச்சம் பின்னால் போய்விடும், கோபுரம் கறுப்பாகத்தான் படத்தில் வரும். குளத்தின் மேல்படிகளில் உட்காருங்கள், கீழே தண்ணீரைத் தொடுகிற படிகளுக்குப் போகாதீர்கள். அந்தப் படிகளில் தண்ணீர் ஏறி இறங்குகிற உயரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பச்சையாகப் பாசி படிந்திருக்கும், காய்ந்ததுபோலத் தெரிகிற இடத்திலும் கால் வைத்தால் வழுக்கும். காய்ந்த படியில் இருந்து எட்டிப் பார்த்தாலே போதும், பாசியைக் கடிக்க வருகிற விரலளவு மீன்கள் தெரியும், யாராவது ஒரு பொரியைப் போட்டால் எங்கிருந்தோ நூறு மீன் வந்து அந்த இடமே கொதிக்கும். பேத்தியை அங்கே இருந்து கிளப்பத்தான் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது. அம்மா படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார், சித்தி கொண்டுவந்திருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் இந்த நடைக்கு வரவே கூடாது, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்ற விரதமெல்லாம் வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோயில் முன்னால் பூக்கடைகளில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பூச்சந்தைக்குப் பெயர்போன தோவாளை இங்கிருந்து தூரமில்லை, பூவுக்குப் பஞ்சமில்லை. மாணிக்க மாலை கிடைத்தால் கையில் வாங்கிப் பாருங்கள். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் ஒவ்வொரு பூவாக மடித்து, இடையில் நொச்சி இலை வைத்து, தட்டையாகக் கட்டியிருப்பார்கள். உருண்டை மாலையில் பூவின் காம்பு எங்காவது எட்டிப் பார்க்கும், இதில் காம்பே தெரியாது, பாய் முடைந்ததுபோலச் சமமாக இருக்கும். எல்லா நாளும் கடையில் இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சரி, கோயில். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், பனியனும் கூடாது. பட்டன் போட்ட சட்டையில் வந்தால் சுலபம், இடுக்கமான டி-ஷர்ட்டில் வந்து வாசலில் மல்லுக்கட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். கழற்றிய சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்காமல் ஒரு துணிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது, உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

கோபுரம் ஏழு நிலை, 134 அடி. 16-ம் நூற்றாண்டில் அஸ்திவாரம் போட்டு வேலை நின்று, 19-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் முடித்தார்கள். மூன்று நூற்றாண்டுக்குமேல் ஒரு கோபுரம் அரைகுறையாக நின்றது என்றால், வீடு கட்டுகிற எங்கள் கொத்தனாரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே வெளிப்பிரகாரம் நீளமானது, இரண்டு பக்கமும் விளக்கேந்திய பாவைகள். நிழல் இருப்பதால் காலையில் கல் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். முட்டி வலி உள்ளவர்கள் முழுச் சுற்றும் வரவேண்டும் என்றில்லை, திண்ணையில் உட்கார இடம் இருக்கிறது.

அலங்கார மண்டபத்தில் இருக்கின்றன இசைத்தூண்கள். ஒரே கல்லில் பெரிய தூண், அதிலேயே கொத்தாகச் சின்னச் சின்னத் தூண்கள், ஒவ்வொன்றும் ஒரு சுரம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த காலத்தில் ஆளாளுக்குத் தட்டிப் பார்ப்போம், இப்போது கம்பி போட்டிருக்கிறார்கள், அதுவும் நல்லதற்குத்தான். ஆஞ்சநேயர் 18 அடி உயரம், வெண்ணெய்க் காப்பும் வடைமாலையும் நேர்த்திக்கடன். கூட்டமெல்லாம் அங்கேதான் நிற்கும். கூட்டம் நிற்காத இடத்தில் ஒரு தூணில் பெண் வடிவ விநாயகர் இருக்கிறார், விக்னேஸ்வரி. கேட்டால் காட்டுவார்கள். கேட்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். கொன்றையடி என்று சொல்கிற பழைய கொன்றை மரத்தையும் விட்டுவிடாதீர்கள்.

மூலவர் தாணு, மால், அயன், அதாவது சிவன், திருமால், பிரம்மா மூவரும் ஒரே லிங்கத்தில் என்பது தலபுராணம், அத்திரி முனிவர், அனுசூயை கதை. எனக்குப் பிடித்தது வேறொன்று. இரவு அர்த்தஜாமத்தில் இந்திரனே வந்து பூசை செய்வதாக ஐதீகம். அதனால் இரவு நடை சாத்துகிற பூசாரி மறுநாள் காலையில் நடை திறப்பதில்லை, "அகம் கண்டது புறம் கூறேன்" என்று சத்தியம் வேறு செய்திருப்பார்கள். இன்னொரு பழைய சங்கதியும் இந்தக் கோயிலுக்கு உண்டு, கேட்கவே நடுக்கம் வரும். நம்பூதிரிகள்மேல் ஒழுக்கக் குற்றம் சொல்லப்பட்டால் கொதிக்கிற நெய்யில் கையை விடச் சொல்வார்கள். கை புண்ணாகாவிட்டால் நிரபராதி. கைமுக்கு என்று பெயர். திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் 1834-ல் அதை நிறுத்தினார். சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், சித்தி "நீங்க செஞ்சதுக்கு ரெண்டு கையும் போயிருக்கும்" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் முட்டிவலி கொஞ்சம் மறந்தே போயிருக்கும்.

எப்போது வரக்கூடாது என்றும் சொல்ல வேண்டும். மார்கழித் திருவிழாவின் பத்து நாளும் இந்த நிதான நடைக்கு ஆகாது. ஆனால் கூட்டம் பிடிக்கும் என்றால் அதுதான் சமயம். மூன்றாம் நாள் மக்கள்மார் சந்திப்பு. கோட்டாறு பிள்ளையாரும் வேளிமலை முருகனும் மருங்கூர் முருகனும் அம்மா அப்பா வீட்டுத் திருவிழாவுக்கு ஊர் தாண்டி வந்து சேருவார்கள். ஒன்பதாம் நாள் தேர். அன்று வண்டியில் வருகிறவர்கள் ரொம்பத் தள்ளி நிறுத்திவிட்டு நடக்கத் தயாராக இருக்க வேண்டும். ஆஞ்சநேய ஜெயந்தியும் அப்படியே. மற்ற நாட்களில் சனி, ஞாயிறை விட்டுவிட்டால் காலை நேரம் ஊர் அமைதியாக இருக்கும். ஐயப்பசாமிகள் வருகிற கார்த்திகை, மார்கழி முழுக்கவே சுற்றுலா பஸ்கள் வரிசை கட்டும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், மாலை ஐந்து மணிவாக்கில்தான் மறுபடி திறப்பார்கள், இடையில் வந்து நின்றால் வெளியே நின்று கோபுரத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

வெளியே வந்தால் பசி தெரியும். இட்லி, தோசை எங்கேயும் கிடைக்கும், ஆனால் ரசவடை போடுகிற கடை கண்ணில் பட்டால் விடாதீர்கள். சித்தப்பா இரண்டு தட்டு முடித்தார், ஆற்றைப் பார்த்து வந்த வருத்தம் அதற்குப்பிறகு பேச்சில் வரவில்லை. வெயில் காலத்தில் ரோட்டோரம் அக்கானியும் (பதநீர்தான்) நுங்கும் கிடைக்கும். காலையில் இறக்கிய அக்கானி என்றால் மட்டும் குடியுங்கள், வெயில் ஏறியபிறகு புளிப்பு வந்துவிடும்.

இன்னும் தெம்பு இருந்தால் பெரிய குளம் பாக்கி இருக்கிறது. சுசீந்திரம் தேரூர்க் குளங்கள் 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர் என்பதும் போகிற வழியில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அக்டோபரில் இருந்து மார்ச் வரை வலசைப் பறவைகள் இருக்கும். கூழைக்கடா, நாரை, அரிவாள் மூக்கன் வந்திருந்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். நாமக்கோழியும் தாழைக்கோழியும் தாமரை இலைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கும், அவற்றுக்கு பைனாகுலர் இருந்தால் நல்லது. ஆனால் கோயிலில் இருந்து அங்கே நடந்து போகாதீர்கள். நெடுஞ்சாலை ஓரம் நடப்பதற்கு இடம் குறைவு, கன்னியாகுமரி போகிற வண்டிகள் விரட்டிக்கொண்டு வரும். ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள், ஏறும்போதே காத்திருந்து திரும்பக் கூட்டிவரவும் சேர்த்துப் பேசிவிடுங்கள், அங்கே நின்று வேறு ஆட்டோவுக்குக் கை காட்டிப் பிரயோஜனமில்லை. நாங்கள் அன்றைக்குப் போகவில்லை. அம்மாவுக்கு முட்டி போதும் என்றுவிட்டது, பேத்தி மீனைப் பார்க்க மறுபடி தெப்பக்குளத்துக்குத்தான் போக வேண்டும் என்று நின்றாள், அதனால் அங்கேயே இன்னொரு கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு நாகர்கோவில் பஸ் ஏறினோம்.